சீலோவாம் கோபுரமும் சீயோன் வாசலும்

தியானப் பகுதி: லூக்கா 13:1-9



இயேசுவிடத்தில் சிலர் ஒரு செய்தியோடு வந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். பலியிட வந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றான். அவர்களுடைய இரத்தம் அவர்கள் செலுத்திய பலிகளின் இரத்தத்தோடே கலந்தது. அதுவே அந்தச் செய்தி. இப்பகுதியை எத்தனையோ முறை வாசித்துக் கடந்து சென்றிருப்போம். ஆனால் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், மட்டக்களப்பு சீயோன் தேவாலய வாசலில் குண்டு வெடித்த பின்பு, வாவிக்கரையில் வாழும் நாம் இதை வேற்றூரார் கதையாக வாசிக்க இயலவில்லை. ஏறத்தாழ 30 பேர் மடிந்தார்கள். ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள்.

"ஏன், ஆண்டவரே?" என்று கேட்பது அவிசுவாசமல்ல, சங்கீதக்காரனும் கேட்டான், யோபுவும் கேட்டான். அக்கேள்வியை நாம் எங்கே கொண்டு செல்கிறோம் என்பதே காரியம். பொய்ச் செய்திகள் பரவும் என்று அஞ்சி அரசாங்கம் அந்நாட்களில் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கி வைத்தது. கேள்வியை யாரால் முடக்க முடியும்? இன்றும் அதை இணையத்தில் இடுபவருக்குப் பதில்களுக்குப் பஞ்சமில்லை. மறைவான பாவத்துக்கு வந்த தண்டனை என்பார் ஒருவர். கடைசிக் காலத்தின் கணக்கு என்று ஆண்டும் மாதமும் குறித்துத் தருவார் இன்னொருவர். 2004 டிசம்பர் 26இல், அதுவும் ஒரு ஞாயிறு, நத்தாருக்கு மறுநாள், கடல் எழுந்து நாவலடியையும் கல்லடியையும் வாரிச் சென்றபோதும் மனிதர் காரணம் தேடினார்கள். அன்று வாய்மொழியாய் உலாவியது இன்று கைத்தொலைபேசியில் உலாவுகிறது. வேகம் மட்டுமே புதியது.

ஆண்டவர் என்ன சொன்னார்? அந்தக் கலிலேயர் மற்றெல்லாரையும்விடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார்; அப்படியல்ல என்று தாமே மறுத்தார். அத்தோடு நில்லாமல், எவரும் கேளாதிருக்கவே, சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரையும் எடுத்துரைத்தார். முதலாவது ஒரு கொடியவன் செய்தது; மற்றது விபத்து. இரண்டிலும் மாண்டவர்கள் மேல் அவர் பழி சுமத்தவில்லை. ஏன் நடந்தது என்றும் விளக்கவில்லை. மனந்திரும்பும்படி சொன்னார், அதையும் செய்தி கொண்டுவந்து உயிரோடு நின்றவர்களுக்கே சொன்னார். பிள்ளையைப் புதைத்துவிட்டு வீடு திரும்பிய தாய்க்கு, ஆயிரம் காணொளிகள் அளிக்கும் காரணங்களைவிட ஆண்டவரின் "அப்படியல்ல" எவ்வளவு இரக்கமுள்ளது! யோபுவின் சிநேகிதரும் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்த மட்டும் நல்லவர்களாகவே இருந்தார்கள்.

"அந்தக் காணொளியிலும் வசனம் காட்டினார்களே" என்று நீர் கேட்கலாம். வனாந்தரத்தில் சோதனைக்காரனும் வசனந்தான் காட்டினான். 91ஆம் சங்கீதத்திலிருந்து பிழையின்றி எடுத்துக் காட்டினான். ஆண்டவரோ மற்றொரு வசனத்தை அதனருகே வைத்துப் பதிலளித்தார் (மத்தேயு 4:5-7). ஒரு வரியைப் பிய்த்தெடுத்து, படத்தின் மேல் எழுதி அனுப்புவது எளிது. அதன் முன்னும் பின்னும் உள்ளதை வாசிக்கத்தான் நேரம் வேண்டும். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே நாள்தோறும் வேதத்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்; அதற்காகப் பாராட்டவும் பட்டார்கள் (அப்போஸ்தலர் 17:11). பெயர் தெரியாத ஒருவரின் செய்தியை நாம் ஏன் ஆராயாமல் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும்?

கைத்தொலைபேசியே பாவம் என்று நாம் கூறவில்லை. 2020இல் ஊரடங்கினால் ஆலயங்கள் பூட்டிக் கிடந்தபோது பலருக்கு ஆராதனை அதன் வழியாகவே வந்தது. தமிழ் வேதாகமம் முழுவதும் இன்று அதற்குள் இருக்கிறது. அது நம் கைக்கு எளிதில் வந்ததா? தமிழ்ப் போதகரான பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சாயிற்று. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து சைவராகிய ஆறுமுக நாவலர் உழைத்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. ஒவ்வொரு சொல்லையும் ஆண்டுக்கணக்காய் நிறுத்துப் பார்த்தவர்கள் அவர்கள்.

பாடும் மீனின் ஒலியைக் கேட்க விரும்புகிறவர், இரவில் தோணியில் சென்று, துடுப்பை நீரில் இறக்கி மறுமுனையில் காதை வைப்பார் அல்லவா? கல்லடிப் பாலத்தின் மேல், வாகன இரைச்சலின் நடுவே நின்றால் அது கேளாது.

ஆகையால், வாசகரே, அடுத்த முறை அப்படியொரு விளக்கம் உமக்கு வந்தால், அதை ஒரு நாள் உம்மிடமே வைத்திரும். லூக்கா 13ஐத் திறந்து வாசியும். விளங்காததை உமது போதகரிடமோ, சபையின் மூத்த தாயொருவரிடமோ கேளும். அவர்களுக்கும் விளங்காமற்போனால் சேர்ந்து ஜெபியுங்கள். ஐந்தாம் வசனத்தோடு நிறுத்திவிடவும் வேண்டாம். அடுத்தாற்போல் அங்கே கனியில்லாத அத்திமரம் ஒன்று நிற்கிறது. வெட்டிப்போடு என்கிறான் எஜமான். இந்த ஒரு வருஷமும் பொறுத்துக்கொள்ளும் என்று கெஞ்சிய தோட்டக்காரன், மரத்தைச் சுற்றிக் கொத்தி எருப் போடுவதாகச் சொல்கிறான்.