தரிசு என்று எழுதும் கைகளுக்கு

மில்லர்புரம்,
தூத்துக்குடி.

வருவாய்ப் பதிவேடுகளில் நிலத்துக்குப் பெயர் எழுதும் ஐயா, அம்மா அனைவருக்கும்,

முத்துக்குளித்துறை என்று பேர் வாங்கினாலும் வாங்கினோம், எங்கள் மாவட்டம் என்றாலே கடல், உப்பளம், துறைமுகம் என்று ஆகிவிட்டது. கடலுக்கு முதுகு காட்டி நின்றால் தெரிகிற பொட்டலை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. என் மனத்தாங்கல் அதைப் பற்றியது.

ஞாயிறு விடியுமுன் பைக்கை எடுத்துப் பாளையங்கோட்டை ரோட்டில் மேற்கே போவது என் வழக்கம். மில்லர்புரத்தில் நாங்கள் பந்தடித்த வெளியெல்லாம் பிளாட் கல்லாகிவிட்டது. கால்வீசி நடக்க வல்லநாட்டுப் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது. சரளை, உடைமரம், மழை பெய்தால் முழங்கால் புல். அங்கே 1987 முதல் வெளிமான் சரணாலயம் இருக்கிறது, 16 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இதுதான். முறுக்குக் கொம்போடு கிடா நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அதற்குப் பதுங்கத் தெரியாது. தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்து ஓடத்தான் தெரியும். மரம் அடர்ந்து கண்ணை மறைத்தால் அதற்குப் பிழைப்பில்லை. வெளிமான் என்று சும்மாவா பேர் வைத்தார்கள்?

இதே மாதிரி நிலம் சரணாலய எல்லைக்கு வெளியே இருந்தால் உங்கள் ஏட்டில் தரிசு. அதிலும் இரண்டு வகை: தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. வெள்ளைக்காரன் வரிக்காகப் போட்ட கணக்கு அது. வரி வராத நிலம் அவனுக்கு வீண். நமக்குமா?

வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டும் தொங்கு காதுமாக நம் விளாத்திகுளம் வட்டாரத்து வேம்பூர் செம்மறி இருக்கிறதே, அது காற்றைக் குடித்தா வளர்ந்தது? இடைசெவல் கி.ரா. 'கிடை' என்று ஒரு குறுநாவலே எழுதினார். வயலில் கிடை மறிக்க ஆடு வேண்டும். ஆட்டுக்கு மேய்ச்சல் வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளி என்ற பெயர்களும் உங்கள் ஏட்டில் உண்டுதானே? அவற்றை ஏன் மறந்தீர்கள்?

தரிசு என்று எழுதிவிட்டால் யாருக்கும் கொடுக்கலாம். சோலார் தகடு, காற்றாலை, எதற்கும். கேட்பாரில்லாமல் கிடந்தால் சீமைக்கருவேலம் அடைத்துக்கொள்கிறது. அதை வெட்டச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உத்தரவு போட வேண்டியிருந்தது. இப்போது பசுமைத் தமிழ்நாடு இயக்கம், பசுமைப் பரப்பு 33 சதவீதம் ஆக வேண்டும் என்கிறது. மரம் நடுவதற்கு நான் எதிரியில்லை. குளக்கரையில் நடுங்கள், ரோட்டோரம் நடுங்கள். புல்வெளியில் குழி தோண்டாதீர்கள்.

அமெரிக்காவில் உயர்புல் பிரெய்ரி என்ற புல்வெளியை உழுது தீர்த்துவிட்டு, நூற்றுக்கு நான்கு பங்குகூட மிஞ்சாத நிலையில், 1996-ல் கான்சாஸில் ஒரு துண்டைத் தேசியக் காப்பகம் ஆக்கினார்கள். நம்மிடம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். புல் முளைக்கிற நிலத்தைப் புல்வெளி என்றே ஏட்டில் எழுதுங்கள். யாருக்கும் கொடுக்குமுன் அங்கே ஆடு மேய்ப்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள். அளக்க வருவதானால் உச்சி வெயிலில் வராதீர்கள். சாயங்காலம் ஆடு திரும்பும் நேரத்துக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
மில்லர்புரத்துக்காரன் ஒருவன்