உம்மாவுக்கும் ஒரு கதிரை





சென்ற மாதத் தபாலில் வந்த கடிதமொன்று இன்னும் என் மேசையிலேயே இருக்கிறது. எழுதியவர் சாய்ந்தமருதைச் சேர்ந்த ஒரு மகள். வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். "லீவுக்கு என்னோடு மூன்று தோழிகள் ஊருக்கு வருகிறார்கள், சேர். ஒருத்திக்குக் கண்டி, ஒருத்திக்கு யாழ்ப்பாணம், ஒருத்திக்கு மாத்தறை. கடலைப் பார்த்து உட்கார்ந்து, நம்முடைய ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட நல்ல இடமொன்று சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார்.

ஐந்து நிமிடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று பேனையை எடுத்தேன். அந்தப் பதில் வளர்ந்து, இந்த இதழ் முழுவதையும் பிடித்துக்கொண்டது. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள நம் கரையோரத்தில் வெளியே சாப்பிடும் அனுபவங்களைத்தான் இம்முறை பல பேர் எழுதியிருக்கிறார்கள்.

காலையிலிருந்து தொடங்குகிறேன். சுபஹு தொழுதுவிட்டு வருகிறவர்களுக்காகக் கல்முனை நகரக் கடைகளில் பிளேன்டீ கொதித்துக்கொண்டிருக்கும். மேசையில் அமர்ந்ததும் நாம் கேட்காமலே ஒரு பீங்கான் வந்து நடுவில் இருக்கும். அதில் ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், முக்கோணமாய் மடித்த ரொட்டி. தின்றதற்கு மட்டும் காசு. எழும்பிப் போகும்போது "என்ன சாப்பிட்டீங்க?" என்று முதலாளி கேட்பார். நாம் சொல்கிற கணக்குத்தான் கணக்கு. வெளியூர் நண்பர்களைக் கூட்டிப் போகும்போது அந்தப் பீங்கானை நான் பெருமையோடு காட்டுவேன். ஊரை நம்பி வைத்த பீங்கான் அது.

இரவுக்குக் கொத்து. கிழக்கில் பிறந்த சாப்பாடு இது என்று நம்மவர்கள் உரிமையோடு சொல்வார்கள். சூடேறிய இரும்புத் தட்டில் ரொட்டி, முட்டை, லீக்ஸ், வெங்காயம், இறைச்சி ஆணம் எல்லாம் விழ, இரண்டு தகடுகளும் சேர்ந்து தாளம் போடத் தொடங்கும். எந்தச் சந்தியில் எந்தக் கை கொத்துகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் இளைஞர்களை எனக்குத் தெரியும். காரைதீவுப் பக்கம் போனால் சைவக் கடையின் தோசையும் உளுந்து வடையும். நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கே போவதும், அங்குள்ள தம்பிமார் புரியாணிக்கு நம் பக்கம் வருவதும் இன்று சாதாரணம். போர்க்காலத்தில் பொழுது சாயும் முன்பே கதவு பூட்டிய கடைகளையும், பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒன்றையொன்று அஞ்சிக் கிடந்த நாட்களையும் கண்ட என் வயதுக்காரர்களுக்குத்தான் இந்தச் சாதாரணத்தின் அருமை தெரியும்.

இவ்வளவும் எழுதியபின் அந்த மகளின் கடிதத்தை மறுபடி படித்தேன். "கடலைப் பார்த்து." "உட்கார்ந்து." "நம்முடைய ஊர்ச் சாப்பாட்டை." மூன்றும் ஒன்றாய்க் கிடைக்கும் இடம் எது? பேனை அங்கேதான் நின்றது.

முதலில் சாப்பாடு. நம் கரையோரத்தின் ருசி எது என்று ஒரு மூத்தம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கரைவலையில் வந்த மீனைக் கொறுக்காப்புளி போட்டு மண்சட்டியில் வைத்த ஆணம், தேங்காய்ப்பாலில் பதமாய் இறக்கிய பாலாணம், முருங்கையிலைச் சுண்டல், எருமைத் தயிரும் புட்டும் என்று அடுக்குவார். சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்வார். கல்லோயாத் திட்டத்தில் சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் பாய்ந்து, இந்த நாட்டின் பெரிய நெற்களஞ்சியங்களில் ஒன்றாகிய அம்பாறை மாவட்டம் நம்முடையது. வீதியின் மேற்கே பார்த்தால் வயல், கிழக்கே பார்த்தால் கடல். சோறும் மீனும் இத்தனை பக்கத்தில் பக்கத்தில் விளைகிற கரை எத்தனை ஊருக்கு வாய்க்கும்?

ஆனால் புதிதாய்த் திறந்த கடைகளில் பட்டியலை விரித்தால் ஃபிரைட் ரைஸ், நாசிகொரெங், சீஸ் கொத்து, மந்தி. இவை கூடாதென்று சொல்லவில்லை. வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய நம் பிள்ளைகள் மந்தியின் மணத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். அதுவும் நம் கதையின் ஒரு பகுதிதான். என் ஆதங்கம், அந்த நீண்ட பட்டியலில் பாலாணத்துக்கு ஒரு வரிகூட இல்லையே என்பது. வீட்டில் கிடைப்பதற்குக் கடையில் யார் காசு கொடுப்பார்கள் என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள். மாத்தறையிலிருந்து வருகிற பிள்ளைக்கு அது வீட்டுச் சாப்பாடு அல்லவே! மந்தி அவளுக்குக் கொழும்பிலும் கிடைக்கும். கல்முனைக்கு வந்தால்தான் கிடைக்கிற ஒன்றை நாம் அடுப்படிக்குள் ஒளித்து வைத்திருக்கிறோம்.

அடுத்தது கடல். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 நமக்குத் தேதியாக மட்டும் இருந்ததில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின. நாட்டிலேயே மிகக் கூடிய இழப்பு நம்முடையது. அதன்பின் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். பின்னர் அதைக் குறைத்தார்கள். சட்டம் குறைந்தாலும் மனம் அத்தனை சீக்கிரம் கிட்டே போகவில்லை. கடலைப் பார்த்து வாசல் வைத்திருந்த குடும்பங்கள் வயல் பக்கம் ஒதுங்கின. பிள்ளைகள் பட்டம் விட, வாலிபர்கள் பந்தடிக்க, பொழுதுபடக் குடும்பங்கள் மணலில் வந்து அமர என்று கரை மெல்ல மெல்லத்தான் நிறைந்தது. அவித்த கடலையும் ஐஸ்கிரீமும் விற்கும் வண்டிகள்தான் முதலில் துணிந்து கடலுக்கு முகம் திருப்பின. சாப்பாட்டு மேசைகள் இன்னும் பெரும்பாலும் பிரதான வீதியைப் பார்த்தபடியே இருக்கின்றன.

மூன்றாவது, உட்காருவது. இதைத்தான் நான் கூடுதலாக யோசித்தேன்.

நம் ஊர்க் கடைகள் நெடுங்காலம் ஆண்களின் இடமாகவே இருந்தன. வாப்பா கடையில் சாப்பிடுவார். உம்மாவுக்குப் பார்சல் வரும். என் சிறுவயதில் வீட்டுக்கு வந்த கொத்து, செய்தித்தாளின் மணத்தோடும் ஆறிய சூட்டோடும்தான் வந்தது. அதை உம்மா எங்களுக்குப் பிரித்துத் தந்துவிட்டு, மிஞ்சியதைத் தான் தின்பார். கடையில் அது எப்படி ஆவி பறக்கும் என்பதை அவர் கண்டதில்லை. ஆனால் அதே காலத்தில், விடியற்காலையில் இடியப்பமும் புட்டும் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்த கைகள் யாருடையவை? நம் தாய்மாருடையவை. இன்றும் அப்படித்தான். எத்தனையோ வீடுகள் அந்த இடியப்பத் தட்டில்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றன. தான் அவித்ததை, தான் அமர்ந்து, இன்னொருவர் பரிமாறச் சாப்பிடும் ஒரு வேளை மட்டும் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

சேர்ந்து அமர்ந்து சாப்பிடுவது நமக்குப் புதிதில்லை. கல்யாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்கிறோம். பணக்காரரும் கூலிக்காரரும் ஒரே தட்டில் கை வைக்கிறோம். கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்ற விழாவின் முடிவில் கந்தூரிச் சோறு பகிர்ந்ததும், அதற்கு ஊர் வேறுபாடு, மத வேறுபாடு பாராமல் சனம் வந்ததும் நம் ஞாபகத்தில் இருக்கிறது. அந்தப் பரந்த மனதைக் கடை மேசைக்கும் கொண்டுவருவது நமக்கு முடியாததா என்ன?

நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. குடும்பமாக அமரத் தனி அறை வைத்த கடைகள் இன்று பல. பெருநாள் மாலையில் அவற்றில் இடம் கிடைப்பதே அரிது. 2022இல் காஸும் பெற்றோலும் வரிசையில் நின்று எடுத்த நாட்களில், விறகு அடுப்பை மூட்டியாவது கடையைத் திறந்து வைத்தவர்களை நாம் மறக்கக்கூடாது. அவர்கள் தாக்குப்பிடித்ததால்தான் இன்று நாம் எங்கே சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

உட்கார்ந்து சாப்பிடுவதில் இன்னுமொரு நன்மை உண்டு. அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காட்டில் நம் கரையோர ஊர்களின் குப்பை கொட்டப்படும் இடத்தைப் பற்றி 2022 ஜனவரியில் உலகமே பேசியது. அங்கே பொலித்தீன் தின்று எட்டு ஆண்டுகளில் இருபது யானைகள் அளவில் மாண்டிருந்தன. சோற்று வாசனை பட்ட லன்ச் ஷீட்டும் பையும் யானைக்குச் சாப்பாடாகத்தான் தெரியும். நாம் பார்சல் கட்டிய ஒவ்வொரு வேளையும் எங்கோ ஓரிடத்தில் போய்ச் சேர்கிறது. பீங்கானில் சாப்பிட்டால் கழுவி வைக்கலாம். பார்சல்தான் வேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஒரு சட்டியைக் கொண்டுபோகலாம். மூத்தம்மாமார் ஆணத்துக்குச் சட்டி அனுப்பிய காலம் தூரத்தில் இல்லை.

சென்ற வருடம் பாடசாலை விடுமுறையில் உம்மாவை அறுகம்பைக்குக் கூட்டிப் போனேன். கல்முனையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர்.  அலையேறி விளையாட வந்த வெளிநாட்டவர்களின் குரல் கரை முழுவதும். ஒரு குடும்பம் நடத்தும் சிறிய கடை. ஓலைக் கூரை, மணலில் நாலைந்து மேசை. பட்டியலில் வெளிநாட்டுப் பண்டங்களோடு ஒரு வரி: சோறும் மீன் ஆணமும். கடற்கரையில் கதிரை போட்டதும் உம்மா அதைத் திருப்பி, கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்தார். ஏனென்று யாரும் கேட்கவில்லை. 2004இல் அவர் தன் தங்கையைக் கொடுத்தவர்.

சோறு வந்தது. உம்மா ஒரு பிடி பிசைந்து வாயில் வைத்து, கொஞ்சம் யோசித்தார். "கொறுக்கா கொஞ்சம் கூடிப் போச்சு மகன். ஆனா பதம் தப்பல்ல" என்றார். சமைத்த தாய் உள்ளிருந்து கேட்டுவிட்டு வெளியே வந்தார். இருவரும் கொறுக்காப்புளியைப் பற்றியும், பாரை மீனுக்கு எவ்வளவு, சூரைக்கு எவ்வளவு என்றும் பேசத் தொடங்கினார்கள். அந்தத் தாய் நின்றுகொண்டே பேசுவதைக் கண்ட உம்மா பக்கத்துக் கதிரையை இழுத்து, "இரிங்க" என்றார். அவரோ மணல் பக்கம் இருந்துகொண்டு கடலைக் கைகாட்டி எதையோ சொன்னார். அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்காக உம்மாவும் தன் கதிரையைத் திருப்பிக்கொண்டார். தேத்தண்ணி வந்து ஆறும் வரை இருவரும் அப்படியே கடலைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பீங்கான்களை அடுக்கி உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்புள்ள மகளே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். தோழிகளுக்கு முதல் நாள் உங்கள் வீட்டிலேயே பாலாணமும் சோறும் கொடுங்கள். அடுத்த நாள் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள். காலையில் கல்முனையில் தேத்தண்ணி, பகலில் காரைதீவில் சைவச் சாப்பாடு, இரவில் கொத்து. நேரமிருந்தால் பொத்துவில் வரை ஓடிப் போய் வாருங்கள். எங்கே போனாலும் உம்மாவை முதலில் உட்கார வையுங்கள்.

கடை நடத்தும் சகோதரர்களே, உங்கள் பட்டியலில் நம் ஊர் ஆணத்துக்கு ஒரு வரி தாருங்கள். இடியப்பம் அவித்துத் தரும் தாய்மாரைக் குடும்பத்தோடு ஒரு நாள் அழைத்து அமர்த்தி, நீங்களே பரிமாறுங்கள். கடற்கரையில் இடமிருந்தால் இரண்டு மேசையையாவது கடல் பக்கம் திருப்பிப் போடுங்கள்.

வாசகர்களே, உங்களுக்குப் பிடித்த கடையைப் பற்றி எழுதி அனுப்புங்கள். என்ன தின்றீர்கள் என்பதோடு, யாரோடு அமர்ந்து தின்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். வரும் இதழ்களில் அவற்றுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்போடு,
ஆசிரியர்