பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்கள்: விலை எகிறுது, ஸ்பேர் கிடைக்கல... இனி என்ன ஆகும்?

2023 மே மாதம் ஒரு பழைய நிஸான் கார் இணைய ஏலத்தில் 13.57 லட்சம் டாலருக்கு விலைபோனது. ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படவரிசையில் மறைந்த நடிகர் பால் வாக்கர் ஓட்டிய, 2000-ம் ஆண்டுத் தயாரிப்பான ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-ஆர் அது. ‘சினிமா காருக்கு சினிமா விலை’ என்று அதை ஒதுக்கிவிடலாம். ஆனால், எந்தப் படத்திலும் தலைகாட்டாத ஸ்கைலைன், டொயோட்டா சூப்ரா, மஸ்டா ஆர்எக்ஸ்-7 கார்களின் விலையும் பல மடங்கு ஏறியிருக்கிறது.

விலை ஏறும் அதே வேகத்தில் இன்னொன்றும் நடக்கிறது. இந்த கார்களின் ரப்பர் குழாய்கள் வெடிக்கின்றன, கணினிப் பெட்டிகள் கசிகின்றன, ஸ்பேர் கேட்டால் ‘தயாரிப்பு நிறுத்தம்’ என்ற பதில் வருகிறது. ஒரு காலத்தில் ‘இன்னும் எவ்வளவு பவர் ஏத்தலாம்?’ என்பதுதான் இந்த கார்களைச் சுற்றிய பேச்சு. இப்போது ‘ஒழுங்கா ஓட வைக்க முடியுமா?’ என்பதே முதல் கேள்வி.

அது என்ன 25 வருடக் கணக்கு?

அமெரிக்காவின் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பத் தயாரிக்கப்படாத காரை அங்கே இறக்குமதி செய்வது மிகக் கடினம். 1988-ல் வந்த சட்டம் இதை இறுக்கியது. ஆனால், தயாரித்து 25 வருடம் முடிந்த காருக்கு அந்தப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. கார் தயாரான மாதத்திலிருந்து இந்தக் கணக்கு ஓடுகிறது.

ஆர்32 ஜிடி-ஆர் 1989 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. ஆக, அமெரிக்காவின் கதவு அதற்கு 2014-ல் திறந்தது. 1995-ல் வந்த ஆர்33-க்கு 2020-ல். 1999 ஜனவரியில் வந்த ஆர்34-க்கு 2024-ல். ஒவ்வொரு மாடலும் இந்த வயதை நெருங்கும்போது ஜப்பானிய ஏலங்களில் அதன் விலை நகரத் தொடங்கிவிடுகிறது. எண்ணிக்கையும் குறைவு: ஆர்32 ஜிடி-ஆர் சுமார் 44,000 தயாரானது என்றால், ஆர்34 ஜிடி-ஆர் சுமார் 11,500-தான்.

ஜப்பானில் நிலைமை நேரெதிர். பெட்ரோல் கார் 13 வயதைத் தாண்டினால் அங்கே வருடாந்தர வாகன வரி சுமார் 15 சதவீதம் கூடுகிறது. ‘ஷாகென்’ எனப்படும் கட்டாயப் பரிசோதனையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தாண்ட வேண்டும். சொந்த ஊரில் செலவு தள்ளுகிறது, கடல் கடந்த சந்தை இழுக்கிறது. கார் கப்பல் ஏறிவிடுகிறது.

இந்த கார்களில் அப்படி என்ன விசேஷம்?

1989 முதல் 2004 வரை ஜப்பானிய கார் நிறுவனங்களுக்குள் எழுதப்படாத ஓர் உடன்பாடு இருந்தது. உள்நாட்டில் விற்கும் காரின் சக்தி 280 குதிரைசக்தியைத் தாண்டாது என்று எல்லோரும் காட்டிக்கொண்டார்கள். சக்தியைக் கூட்டிப் போட்டிபோட வழியில்லாததால், என்ஜினை உறுதியாகக் கட்டுவதில் பொறியாளர்கள் போட்டிபோட்டார்கள்.

ஆர்32 ஜிடி-ஆரின் ஆர்பி26 என்ஜின், பந்தயத்தை மனதில் வைத்தே உருவானது. 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. 1990 முதல் 1993 வரை ஜப்பானின் குரூப்-ஏ பந்தயத் தொடரில் ஓடிய 29 போட்டிகளிலும் அந்த காரே வென்றது. 1993-ல் வந்த சூப்ராவின் 3 லிட்டர் 2ஜேஇசட் என்ஜினுக்கு வார்ப்பிரும்பு பிளாக். அடிப்பாகத்தைப் பிரிக்காமலேயே அதிலிருந்து இருமடங்கு சக்தி எடுத்தவர்கள் உண்டு.

‘கம்பெனி பூட்டி வச்சதைத் திறக்கலாம்’ என்ற ஆசை இங்கேதான் பிறந்தது. சைலன்சரை மாற்று, பூஸ்டை ஏற்று, பெரிய டர்போ போடு என்று ஒரு தலைமுறையே கிளம்பியது. 1995-ல் ஜப்பான் அரசு மாற்றியமைப்பு விதிகளைத் தளர்த்தியது. 1997-ல் வந்த ‘கிரான் டூரிஸ்மோ’ வீடியோ கேம் உலகம் முழுக்க அந்த ஆசையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

30 வருடத்தில் முதலில் எது கெடும்?

பெரும்பாலும் என்ஜின் இரும்பு கெடுவதில்லை. அதைச் சுற்றியுள்ள மலிவான பொருட்கள்தான் காலைவாருகின்றன.

மஸ்டா ஆர்எக்ஸ்-7 (1991-2002) ஒரு நல்ல உதாரணம். அதில் இரண்டு டர்போக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும். குறைந்த வேகத்தில் ஒன்று, வேகம் ஏறினால் இரண்டும். எந்த டர்போவுக்கு எப்போது வழிவிடுவது என்பதை டஜன் கணக்கான மெல்லிய ரப்பர் வேக்யூம் குழாய்களும், சின்னச் சின்ன மின்வால்வுகளும் சேர்ந்து நடத்துகின்றன. முப்பது வருடச் சூட்டில் அந்த ரப்பர் அப்பளம்போல நொறுங்கும். ஒரு குழாய் வெடித்தால் போதும், இரண்டாவது டர்போ வேலைக்கே வராது. ‘டர்போ போச்சு’ என்று நினைத்துப் பெரும் செலவு செய்யப் போகிறவருக்கு, உண்மையில் தேவைப்படுவது ஒரு துண்டு ரப்பர் குழாயாக இருக்கலாம்.

ஹோண்டா சிவிக், இன்டெக்ரா கார்களில் வேறு கதை. காலையில் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். மதிய வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றும், என்ஜின் பிடிக்காது. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மெயின் ரிலேயின் சால்டரிங்கில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். சூடேறினால் இணைப்பு விலகி ஃப்யூயல் பம்புக்கு மின்சாரம் போகாது. பழைய சால்டரிங்கைச் சூடாக்கிப் புதிதாக வைத்தாலே கார் ஓடும்.

1990-களின் தொடக்கத்தில் வந்த மிட்சுபிஷி டர்போ கார்களில் இசியு எனப்படும் கணினிப் பெட்டியைத் திறந்து பார்ப்பது வழக்கம். அதிலிருக்கும் மின்தேக்கிகளின் திரவம் கசிந்து சர்க்யூட் போர்டை அரித்திருக்கும். சீக்கிரம் கவனித்தால் சில சிறு பாகங்களோடு வேலை முடியும். விட்டுவிட்டால் போர்டே போய்விடும்.

கோளாறை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இன்றைய கார்களில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறு எண் திரையில் வரும். அமெரிக்காவில் 1996-க்குப் பிறகு கட்டாயமான அந்தப் பொது முறை, இந்த கார்களில் பலவற்றில் கிடையாது. டொயோட்டாவில் சோதனைப் பெட்டியின் இரண்டு முனைகளை ஒரு வயர் துண்டால் இணைத்தால், டேஷ்போர்டில் ‘செக் என்ஜின்’ விளக்கு கண்சிமிட்டும். எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணிக் கோளாறைத் தேட வேண்டும்.

அந்த எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. ஜிடி-ஆரின் என்ஜினுக்குள் போகும் காற்றை ஏர்ஃப்ளோ மீட்டர் அளந்து கணினிக்குச் சொல்கிறது. அளந்த காற்று, டர்போவைத் தாண்டி வரும் வழியில் ஒரு குழாயின் விரிசலில் வெளியேறினால், கணினிக்கு அது தெரியாது. வராத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். கறுப்புப் புகை வரும், சென்சார்மேல் பழி விழும். புதுசா சென்சார் வாங்கிப் போட்டாலும் புகை நிற்காது.

அதனால்தான் அனுபவசாலிகள் ஒரு வரிசையை வைத்திருக்கிறார்கள். முதலில் பேட்டரியும் எர்த் வயர்களும். அடுத்து குழாய்களுக்குள் புகையைச் செலுத்தி, எங்கே வெளியே வருகிறது என்று பார்ப்பது. பிறகு பெட்ரோல் அழுத்தம், கம்ப்ரஷன். ஆர்எக்ஸ்-7-ன் ரோட்டரி என்ஜினுக்கு பிஸ்டனே இல்லை. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகங்கள் என்பதால், மூன்றையும் தனித்தனியாக அளக்கும் கருவி வேண்டும். ரோட்டரி கார் வாங்குபவர் பெயின்ட் பளபளப்பைவிட அந்த மூன்று எண்களையே முதலில் கேட்க வேண்டும்.

பூஸ்டை ஏற்றினால் என்ன ஆகும்?

இந்த அடிப்படை வேலைகளை முடிக்காமல் சக்தியைக் கூட்டுவதுதான் பல என்ஜின்களின் முடிவுக்குக் காரணம். டர்போ அழுத்தத்தை ஏற்றினால் உள்ளே போகும் காற்று கூடும். கூடிய காற்றுக்கு ஏற்பப் பெட்ரோல் வேண்டும். முப்பது வருடம் ஓடிய பம்பும் அடைபட்ட இன்ஜெக்டரும் அதைத் தர முடியாமல் திணறும். பெட்ரோல் குறைந்தால் சிலிண்டருக்குள் வெப்பம் எகிறி, நேரம் தவறி வெடிக்கும். அதில் பிஸ்டன் உடையும். ரோட்டரியில் முனை சீல் சிதறும். சில விநாடி வேகத்துக்கு விலை, ஒரு முழு என்ஜின்.

ஒவ்வொரு காருக்கும் தனி பலவீனமும் உண்டு. சாதாரண ஜிடி-ஆர் டர்போக்களின் டர்பைன் சக்கரம் செராமிக்கால் ஆனது. எடை குறைவு என்பதால் சீக்கிரம் சுழலும். ஆனால், அழுத்தத்தை அதிகம் ஏற்றினால் உடைந்து சிதறும். ஆரம்பகால ஆர்32-களில் ஆயில் பம்பைச் சுழற்றும் கிராங்க் பகுதி குறுகலானது. அதிவேகச் சுழற்சியில் பம்ப் உடைந்து ஆயில் நின்றால் என்ஜின் அவ்வளவுதான். பின்னாளில் நிஸானே அந்தப் பகுதியை அகலமாக்கியது.

ஸ்பேர் எங்கே கிடைக்கும்?

விலை ஏற ஏற, கார் நிறுவனங்களும் திரும்பிப் பார்க்கின்றன. நிஸானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ, 2017 இறுதியில் ஆர்32 ஜிடி-ஆருக்கான பழைய பாகங்களை மீண்டும் தரத் தொடங்கியது. பின்னர் ஆர்33, ஆர்34-க்கும் விரிந்தது. அதே 2017-ல் முதல் தலைமுறை ரோட்ஸ்டரைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை மஸ்டா அறிவித்தது. 2020-ல் டொயோட்டா, பழைய சூப்ராக்களுக்கான பாகங்களை மறுபடி தயாரிக்கப் போவதாகச் சொன்னது. ஹோண்டா 1993 முதலே என்எஸ்எக்ஸ் காரை வாங்கிப் புதுப்பித்துத் தருகிறது.

நல்ல செய்திதான். ஆனால், பட்டியல் முழுமையானதல்ல, பாகங்கள் மலிவும் அல்ல. புகழ்பெற்ற மாடல்களுக்குக் கிடைக்கும் கவனம் மற்ற கார்களுக்குக் கிடைப்பதில்லை. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு உடைப்புக் கடையும், அளவெடுத்துச் செய்து தரும் சிறு பட்டறைகளுமே கதி.

இன்னொரு முரணும் இருக்கிறது. 1990-களில் கழற்றித் தூக்கிப்போட்ட கம்பெனி சைலன்சர், கம்பெனி ஸ்டியரிங், கம்பெனி இசியு ஆகியவற்றை இன்று தேடி அலைகிறார்கள். கை வைக்காத காருக்கு விலை அதிகம். அதனால் இப்போது மாற்றம் செய்பவர்கள், கழற்றிய ஒரிஜினலைப் பத்திரமாக வைத்து, திரும்பப் பொருத்தும் வகையில்தான் செய்கிறார்கள். வயரை வெட்டி இணைப்பதைத் தவிர்த்து, இடையில் செருகும் இணைப்பான்களைப் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்து என்ன?

2026-ல் 2001-ம் ஆண்டு கார்களின் முறை. லான்சர் எவலூஷன் 7, அந்த வருடம் வந்த இன்டெக்ரா டைப் ஆர் ஆகியவை 25-ஐத் தொடுகின்றன. 2002-ல் தயாரான கடைசி ஆர்34, ஆர்எக்ஸ்-7, சூப்ரா கார்கள் 2027-ல் அந்த வரிசையில் சேரும். விலக்கு கிடைத்தாலும் எல்லா மாநிலத்திலும் ஓட்டிவிட முடியாது. கலிபோர்னியாவில் புகை விதிகள் தனி, இறக்குமதி காரை அதற்கேற்ப மாற்றப் பெரும் செலவாகும்.

அதற்கடுத்து வரும் கார்களில் கணினிகளும் சென்சார்களும் இன்னும் அதிகம். ரப்பர் குழாயை எந்தப் பட்டறையும் வெட்டிப் பொருத்திவிடும். நிறுவனம் கைவிட்ட ஒரு சிப்பையும் அதற்குள் இருக்கும் மென்பொருளையும் திரும்பச் செய்வது அப்படிப்பட்ட வேலை இல்லை. எந்தப் பாகத்தின் தயாரிப்பைத் தொடர்வது என்று நிறுவனங்கள் இப்போது எடுக்கும் முடிவைப் பொறுத்தே, இந்த கார்களில் எத்தனை சாலையில் ஓடும், எத்தனை கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கும் என்பது தெரியவரும்.