காத்து ஓட்டையை அடைக்காதேங்கோ

குளிருது எண்டு பொயிலர் அறையில காத்து வாற ஓட்டைக்குள்ள பழைய சாரத்தை அடைஞ்சு வைக்கிற எங்கட சனத்தை என்ன செய்யிறது? லண்டனில நண்பன்ரை வாடகை வீட்டிலையும் போன கிழமை இதைத்தான் கண்டன். அது பழைய பொயிலர், எரியிறதுக்கு அறைக்காத்தைத்தான் எடுக்கும். ஒட்சிசன் காணாட்டி காபனோரொட்சைட்டு வரும். ஏ.எல். இல படிச்சதுதானே! மணமுமில்லை, நிறமுமில்லை. தலையிடி, சத்தி வந்தா நாங்கள் காய்ச்சல் எண்டு பனடோல் போட்டுட்டுப் படுத்திடுவம்.

சாரத்தை இழுத்தெறிஞ்சிட்டு வீட்டுக்காரருக்கு அடிச்சன். அவரும் எங்கட ஆள்தான். வருசத்துக்கொருக்கா காஸ் சேஃப் பதிவுள்ள ஆள் வந்து பாத்து எழுதித் தரவேணும். 2022 ஒக்டோபரிலையிருந்து இங்கிலாந்தில வாடகைக்கு விடுறவை பொயிலர் இருக்கிற அறையில காபனோரொட்சைட்டு அலாரமும் பூட்டவேணும். ரெண்டும் இல்லை. கேட்டா, "தமிழாக்களுக்குள்ள என்ன தம்பி சட்டம்?" எண்டுறார்.

வாடகையை மட்டும் முதலாந் திகதி பிந்தாமல் கேக்கத் தெரியுது.