ஒரே ஓர் எழுத்துப் பிழை!



2025 நவம்பர் மாதம் டில்லியில் இருந்து ஒரு செய்தி வந்தது. 'பிர்சா 101' என்ற மரபணு சிகிச்சையை நம் நாட்டு விஞ்ஞானிகளே உருவாக்கியிருப்பதாக மத்திய அரசு அறிவித்தது. அரிவாள் அணு சோகை என்ற ரத்த நோய்க்கான சிகிச்சை அது. ஆங்கிலத்தில், 'சிக்கிள் செல் அனீமியா' என்பர்.

பிர்சா முண்டா யார் என்று தெரியும்தானே? ஜார்க்கண்ட் காடுகளில் வெள்ளைக்காரர்களை எதிர்த்துப் போராடி, 1900ம் ஆண்டு ராஞ்சி சிறையில் உயிர் விட்ட பழங்குடித் தலைவர். அப்போது அவருக்கு வயது 25 கூட நிறையவில்லை. மருந்துக்கு எதற்கு அவர் பெயர் என்கிறீர்களா? நம் நாட்டில் இந்த நோய் அதிகம் இருப்பது பழங்குடி மக்களிடம்தான்.

செய்தியை இரண்டு வரியில் படித்து விட்டுப் பக்கத்தைத் திருப்பி விடலாம். ஆனால், இதற்குள் பெரிய கதை இருக்கிறது. முதலில் நோயைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

நம் ரத்தத்தில் சிவப்பணுக்கள் இருக்கின்றன. நடுவில் குழிந்த வட்டமான தட்டு போல இருக்கும். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடம்பு முழுவதும் கொண்டுபோய் இறக்குவது இவற்றின் வேலை. சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதத்தின் பெயர் ஹீமோகுளோபின். இந்தப் புரதத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்ற செய்முறை மரபணுவில் எழுதியிருக்கிறது. அந்த எழுத்துகள் மொத்தமே நான்குதான். ஏ, டி, ஜி, சி.

இப்போது ஒரு சின்னப் பரிசோதனை. 'மழை பெய்தது' என்று எழுதுங்கள். 'ழ'வுக்குப் பதில் 'ல' போடுங்கள். 'மலை பெய்தது' என்று ஆகிவிடும். மலை பெய்தால் ஊர் என்னாவது! நோட்டில் என்றால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்து அரை மதிப்பெண் குறைப்பார், அவ்வளவுதான். உடம்பில் அப்படி இல்லை.

ஹீமோகுளோபினின் ஒரு பகுதி, 146 அமினோ அமிலங்களைக் கோத்த மாலை போன்றது. மரபணுவில் 'ஏ' இருக்க வேண்டிய ஓர் இடத்தில் 'டி' வந்து விட்டால், மாலையின் ஆறாவது மணி மாறி விடுகிறது. குளூட்டாமிக் அமிலம் வர வேண்டிய இடத்தில் வேலின் என்ற வேறு அமிலம் வந்து உட்கார்ந்து விடுகிறது. மற்ற 145 மணிகளும் சரியாகவே இருக்கின்றன!

அந்த ஒரு மணியால், ஆக்சிஜனை இறக்கி வைத்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பியாகி விடும். கம்பி உள்ளே இருந்து முட்ட, வட்டமான சிவப்பணு கதிர் அறுக்கும் அரிவாள் போல வளைந்து போகும். வளைந்த அணுக்கள் மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக் கொள்ளும். அப்போது கை, கால், மார்பு, முதுகு என்று வரும் வலி சாதாரண வலி அல்ல. நல்ல சிவப்பணு, 120 நாள் உழைக்கும். அரிவாள் அணு, 10 முதல் 20 நாளிலேயே உடைந்து போகும். அதனால் சோகை. கிருமிகளை வடிகட்டும் மண்ணீரலும் கெட்டுப்போவதால், மற்ற பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வந்து போகும் தொற்று இவர்களுக்கு உயிராபத்து ஆகிவிடும்.

அடிக்கடி 'கால் வலி' என்று லீவு கேட்கும் பிள்ளையைப் பார்த்து வகுப்பே சிரிப்பதுண்டு. அதில் ஒரு பிள்ளையாவது இப்படிப்பட்ட வலியோடு இருந்திருக்கலாம். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இவ்வளவு கெடுதல் செய்யும் பிழை, ஏன் தலைமுறை தலைமுறையாக அழியாமல் இருக்கிறது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று அம்மா கொடுத்தது. மற்றொன்று அப்பா கொடுத்தது. இரண்டிலும் பிழை இருந்தால்தான் இந்த நோய். ஒன்றில் மட்டும் இருந்தால், அவர் பிழையைச் சுமப்பவர். பொதுவாக நலமாகவே இருப்பார். 1954ல் ஆந்தனி ஆலிசன் என்ற மருத்துவர், கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்து ஓர் உண்மையைச் சொன்னார். ஒரு பிரதியில் மட்டும் பிழை உள்ள குழந்தைகளை மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லை! அவர்களது சிவப்பணுவுக்குள் மலேரியாக் கிருமியால் சரியாக வளர முடிவதில்லை. மலேரியாக் கொசு நிறைந்த இடங்களில் அந்தப் பிழை மக்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதனால்தான் ஆப்பிரிக்காவிலும், நம் நாட்டுக் காட்டுப் பகுதிகளிலும் அது நிலைத்து விட்டது.

நம் நீலகிரிக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவில் இந்த நோயின் அடையாளத்தை முதலில் கண்டது அங்கேதான். 1952ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் அதைக் கண்டறிந்தனர்.

சரி, பிழையை எப்படித் திருத்துவது? 2012ல் ஜெனிபர் டவுட்னா, இமானுவேல் ஷார்பென்டியே என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள், 'கிரிஸ்பர்' என்ற மரபணுக் கத்தரிக்கோலை உலகுக்குக் காட்டினர். 2020ல் வேதியியல் நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. அந்தக் கத்தரிக்கோலை அவர்கள் எங்கே இருந்து எடுத்தனர் தெரியுமா? பாக்டீரியாவிடம் இருந்து! பாக்டீரியாவையும் வைரஸ் தாக்கும். வந்த வைரஸின் மரபணுவை அடையாளம் கண்டு வெட்டிப் போட, அது வைத்திருக்கும் ஆயுதம் இது.

இந்தக் கத்தரிக்கோலை வைத்து உருவான முதல் சிகிச்சைக்கு, 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. பெயர் 'காஸ்ஜெவி'. வேடிக்கை என்னவென்றால், அது பிழையான எழுத்தைத் தொடுவதே இல்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போது நமக்கு வேறொரு வகை ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த பிறகு உடம்பு அதைச் செய்வதைக் கிட்டத்தட்ட நிறுத்தி விடுகிறது. நிறுத்தும் சுவிட்சை வெட்டி விட்டால், பழைய ஹீமோகுளோபின் மறுபடி சுரக்கும்; அணு வளையாது. சோதனையில் ஓராண்டுக்கு மேல் கவனிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு, தொடர்ந்து 12 மாதங்களாவது கடும் வலி வரவே இல்லை.

கைதட்டத் தோன்றுகிறது அல்லவா? விலையைக் கேட்டு விட்டுத் தட்டுங்கள். அமெரிக்காவில் ஒருவருக்கு 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 18 கோடி ரூபாய்! ஊசி போட்டு அனுப்பி வைக்கிற சிகிச்சையும் அல்ல. நோயாளியின் ரத்தத்தில் இருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் திருத்தி, கடுமையான மருந்தால் பழைய எலும்பு மஜ்ஜையைக் காலி செய்து, பிறகு திருத்தியதை உள்ளே செலுத்த வேண்டும். வாரக்கணக்கில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

'பிர்சா 101' முக்கியமாவது இங்கேதான். குறைந்த செலவில் கொடுப்பதே அதன் நோக்கம் என்று அறிவித்திருக்கின்றனர். ஆனால், அறிவிப்பு வந்த அன்றே நோயாளிக்குக் கிடைத்து விடாது. மனிதர்களிடம் முறைப்படி சோதித்து, பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டும். 'கண்டுபிடித்தாயிற்று' என்ற செய்திக்கும் 'கிடைத்தாயிற்று' என்ற செய்திக்கும் நடுவே சில ஆண்டுகள் ஓடும். அதுவரை பிள்ளைகள் காத்துக் கிடக்க வேண்டுமா? வேண்டாம். ஹைட்ராக்சியூரியா என்று ஒரு மருந்து இருக்கிறது. தினமும் சாப்பிட வேண்டும். இதுவும் அந்தக் கருப்பைக் கால ஹீமோகுளோபினைக் கூட்டும் மருந்துதான். விலை அதிகமில்லை. வலி வருவது பலருக்கும் நன்றாகக் குறைகிறது. நோயைக் குணப்படுத்தாது, அதோடு, இடையிடையே ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்து கொடுக்க, யாருக்கு நோய் என்று தெரிய வேண்டுமே! அதற்காக 2023 ஜூலை 1ம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில், பிரதமர் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 2047க்குள் நோயை ஒழிப்பது இலக்கு. தமிழகம் உட்பட 17 மாநிலங்களில், 40 வயது வரை உள்ள 7 கோடி பேருக்குப் பரிசோதனை. 2025ம் ஆண்டின் நடுவில் 6 கோடியைத் தாண்டி விட்டனர். நோயாளிகள், 2 லட்சத்துக்கும் அதிகம். சுமப்பவர்கள், 16 லட்சத்துக்கும் அதிகம்.

பரிசோதித்தவர்களுக்கு அட்டை கொடுக்கின்றனர். சுமப்பவர் இருவர் திருமணம் செய்துகொண்டால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இரண்டு நாணயங்களைச் சுண்டினால் இரண்டிலும் தலை விழுவது போல! மூத்த பிள்ளைக்கு வந்து விட்டதால் அடுத்த மூன்று பேருக்கு வராது என்று நினைத்து விடாதீர்கள். போன தடவை என்ன விழுந்தது என்று நாணயத்துக்கு ஞாபகம் இருக்காது.

திருமணத்துக்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லதுதான். எனக்கு ஒரு கவலையும் உண்டு. 'சுமப்பவர்' என்று அட்டையில் இருந்தால், 'நோயாளி வீட்டுப் பெண்' என்று முத்திரை குத்தும் ஆட்கள் இருப்பார்கள். அதுவும், பெரும்பாலும் பெண் பிள்ளைகள் மேல்தான் அந்த முத்திரை விழும். சுமப்பவர் நோயாளி அல்ல. ஒரு காலத்தில் மலேரியாவுக்குத் தப்பிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அட்டையைக் கையில் கொடுக்கும் சுகாதாரப் பணியாளர், அந்த வீட்டுத் திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்து, அவர்கள் பேச்சிலேயே இதையும் சொல்லி விட்டு வர வேண்டும்.