மாட்டை விட்டுவிட்டு ஓடு!

எங்காவது எரிமலை வெடித்தால் போதும், உடனே ஒரு கேள்வி கிளம்பிவிடும்: "எரிமலை என்று தெரிந்தும் ஏன் அங்கே குடியிருக்கிறார்கள்? அறிவே இல்லையா?"

இந்தக் கேள்வியை அதிகம் சந்தித்தவர்கள் இந்தோனேசியாவின் மெராபி எரிமலைக் கிராமத்தார். ஜாவா தீவில், யோக்யகர்த்தா நகரத்துக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது மெராபி. 2010-ல் அது வெடித்தபோது 350 பேருக்கு மேல் இறந்தார்கள். மலையின் காவலராக அரண்மனை நியமித்திருந்த முதியவர் மரிஜான், கீழே இறங்க மறுத்து அக்டோபர் 26 அன்று உயிரிழந்தார். அவ்வளவுதான், 'மூடநம்பிக்கையால் செத்தார்கள்' என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது!

நம்பிக்கையால் தங்கியவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் வெளியேறினார்களே, அது யார் கண்ணிலும் படவில்லையா? முன்கூட்டியே எச்சரித்து வெளியேற்றியதால் 10,000 முதல் 20,000 உயிர்கள் தப்பின என்று விஞ்ஞானிகளே பின்னர் கணக்கிட்டார்கள். சொன்னால் கேட்காத ஜனங்களா இவர்கள்?

சரி, வெளியேறியவர்களில் பலர் பகலில் மறுபடி மேலே ஏறினார்களே, ஏன்? கொட்டிலில் மாடு கட்டிக் கிடந்தது. அந்தச் சரிவுகளில் பல குடும்பங்களுக்குக் கறவை மாடுதான் வருமானம், அதுவே சேமிப்பும். தினமும் புல் அறுத்துப் போடாவிட்டால் பால் இல்லை, மாடும் இல்லை. 'உயிர் முக்கியமா, மாடு முக்கியமா?' என்று முகாமில் கேட்பது சுலபம். மாடு போனபின் எதை வைத்துப் பிழைப்பது என்பதற்குத்தான் பதில் இருக்காது.

2010-க்குப் பிறகு அரசு பாதுகாப்பான இடத்தில் 36 சதுர மீட்டர் வீடுகள் கட்டிக் கொடுத்தது. நல்லதுதான். ஆனால் புல்லும் தோட்டமும் மேலேயே இருக்க, வீடு மட்டும் கீழே வந்தால் போதுமா? இரவில் கீழே தூங்கிவிட்டுப் பகலில் மேலே போகத்தானே வேண்டும்!

இன்னொரு பக்கமும் உண்டு. மெராபி கக்கியதை மழைவெள்ளம் அடித்துக்கொண்டு வந்து ஆறுகளில் மணலாகச் சேர்க்கிறது. அதை லாரி லாரியாக அள்ளித்தான் நகரத்தில் கட்டிடம் எழுப்புகிறார்கள். எரிமலையின் லாபம் நகரத்துக்கு, பழி மட்டும் கிராமத்துக்கா?

2020 நவம்பரில் எச்சரிக்கை நிலை உயர்ந்தபோது, சில கிராமங்களில் மனிதர்களோடு மாடுகளையும் இறக்கினார்கள். மாடுகளுக்கும் கொட்டில் போட்டார்கள். கிராமத்தாருக்கு அறிவுரை சொல்வதைவிட இதுதான் பயனுள்ள வேலை. மாட்டுக்கு இடமில்லாத வெளியேற்றத் திட்டம் பாதித் திட்டம்தான். மீதிப் பாதியை யோசிக்காதவர்கள், யாருக்கு அறிவில்லை என்று கேட்க வேண்டாம்.