குடிபோகுமுன்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்றனர் நம் முன்னோர். வீடு மாறிப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. பிறந்த வளவிலேயே வாழ்ந்து முடிந்தவர்களுக்கு அந்த அனுபவம் வாய்த்திருக்க நியாயமில்லை. நமது தலைமுறைக்கோ அது பலமுறை வாய்த்தது. ஆயினும் நாள் பார்த்து, பொருள் கட்டி, லொறி பிடித்து மாறும் பாக்கியம் மட்டும் நெடுநாள் கிட்டவில்லை. சென்ற மாசியில் அது கிட்டியது. திருகோணமலை நகரில் பல ஆண்டுகள் வாடகைக்கு இருந்த நாம், நகருக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலாவெளியில் ஒரு சிறு வீட்டை விலைக்கு வாங்கிக் குடிபுகுந்தோம். அதில் கற்ற சிலவற்றை, வீடு வாங்க எண்ணியிருக்கும் குடும்பத்தவர்க்கும், நாளை வாங்கப் போகும் மாணவ மணிகளுக்கும் சொல்லிவைக்க விரும்புகிறோம்.

நிலாவெளி நமக்குப் புதிய ஊரன்று, பிறந்த ஊர். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது நமக்கு வயது பத்து. ஊரே புறப்பட்ட அந்த இரவில் நம் தாயார் அடுப்பிலிருந்த சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, கட்டிலின் கீழிருந்த தகரப்பெட்டியை இழுத்தெடுத்தார். அது நகைப்பெட்டி என்றே நாம் நினைத்தோம். காட்டுவழி நடந்து, மன்னார்க் கரையில் வள்ளமேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் அதனைத் திறந்தபோதுதான் உள்ளே இருந்தவை காணி உறுதியும், நில அளவைப் படமும், பிறப்புச் சான்றிதழ்களும், தமக்கையாரின் பள்ளி அறிக்கைகளும் எனத் தெரிந்தது. "இந்தக் கடதாசியளை அவிச்சே தின்னிறது?" என்று தந்தையார் சலித்துக்கொண்டார். தாயார் பதில் கூறவில்லை.

பதிலைக் காலம் கூறிற்று. அந்தச் சான்றிதழ்களைக் காட்டித்தான் தமிழ்நாட்டுப் பள்ளியில் நாம் சேர்ந்தோம். 1994ஆம் ஆண்டு திரும்பியபோது வீட்டில் சுவர்கள் மட்டுமே நின்றன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் எழுந்த ஆழிப்பேரலை அந்தச் சுவர்களையும், வேலியையும், எல்லைக் கற்களையும் அள்ளிச் சென்றது. வெறும் மணலாகிவிட்ட கரையில் நம் காணி எது, அயலார் காணி எது என்று காட்டியது பெட்டியிலிருந்த அளவைப் படம் ஒன்றே. அந்தக் காணி தமக்கையாருக்குச் சீதனமாயிற்று. எனவேதான் நாம் நமக்கென ஒரு வீடு தேடினோம்.

சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு வீட்டைப் பார்த்தோம். விசாலமான விறாந்தை, காய்த்துக் குலுங்கும் மாமரம், கேட்ட விலையோ நம் கைக்கு எட்டிய விலை. நம் இல்லாள் அப்பொழுதே எந்த அறையில் எந்தக் கட்டில் என்று கணக்கிடத் தொடங்கிவிட்டாள். முற்பணம் கொடுப்பதற்கு முன் தாயாரை அழைத்துச் சென்று காட்டினோம். அவர் வீட்டைப் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய்க் கட்டில் கைவைத்து நின்றார். "தம்பி, இது உனக்கு ஏடு தொடக்கின ரீச்சர் வீட்டுக் கிணறெல்லோ? அவையள் இன்னும் இந்தியாவிலைதானே இருக்கினம். விக்கிறவர் ஆர்?" என்று கேட்டார்.

விற்பவரிடம் இருந்தது, நெடுங்காலம் தாமே அக்காணியை ஆண்டுவருவதாகச் சொல்லித் தாமே எழுதுவித்த உறுதி ஒன்று மட்டும். தரகர் சிரித்தார். "சட்டம் அவற்றை பக்கம், மாஸ்டர்" என்றார். அவர் கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. ஒருவருடைய காணியை மற்றொருவர், உரியவரின் உரிமையை ஏற்காது, பத்தாண்டுகள் தடையின்றி ஆண்டுவந்தால் அவர் உரித்துக் கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டுச் சட்டம். கண்ணெதிரே இருந்தும் கவனியாது விட்டவனுக்கு எதிராக அது நியாயமாகலாம். உயிருக்கு அஞ்சிக் கடல் கடந்தவனுக்கு எதிராக அது எங்ஙனம் நியாயமாகும்? இக்குறையை உணர்ந்தே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் போர் காரணமாகத் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்கள் வழக்கிட்டால், அந்த ஆண்டுகளை எதிராளியின் பத்தாண்டுக் கணக்கில் சேர்க்காதிருக்க அது வழிசெய்தது. ஆனால் அவ்வழக்கை இடுவதற்கு அச்சட்டம் வைத்த தவணை குறுகியது. தொலைவில் இருந்த எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

இரண்டு இரவுகள் நாமும் இல்லாளும் உறங்கவில்லை. ஆசிரியச் சம்பளத்தில் அத்தகைய வீடு மறுபடி கிடைக்காது என்பதை இருவரும் அறிவோம். மூன்றாம் நாள் காலை அவளே சொன்னாள்: "அந்த வீட்டிலை பால் காய்ச்சினால் பொங்காது. விட்டிடுங்கோ." நாம் விட்டோம். ஆசிரியையின் மகனுடைய முகவரியைத் தேடி ஒரு கடிதமும் எழுதினோம். மூல உறுதி அவர்களிடம் பத்திரமாக இருப்பதாகவும், சட்டத்தரணியைக் கலந்துகொள்வதாகவும் பதில் வந்தது. நாம் குடிபோகும் நாள், இன்னொருவர் குடியிழந்த நாளின் தொடர்ச்சியாக இருக்கலாகாது. வீடு வாங்குவோர் லொறிக்குச் சொல்லுமுன் தெளிந்துகொள்ள வேண்டிய முதல் விடயம் இதுவே.

நிற்க. காகிதங்களைப் பற்றி இன்னும் சில வார்த்தைகள். விற்பவரின் உறுதியோடு, அவருக்கு அது எவ்வழி வந்தது என்று காட்டும் தாய் உறுதிகளையும் கேட்டுப் பாருங்கள். காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் பின்னோக்கித் தேடுவிப்பது நல்லது. காணி அரசின் பெர்மிட் காணியா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியை முன்னனுமதியின்றி விற்க முடியாது. காணி விற்பனை நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னிலையில் ஒப்பமிடப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டு முதல் உள்ள விதி. வெறும் கடதாசியில் எழுதிக் கைகுலுக்கிக்கொள்வது விற்பனையாகாது. எழுதிய உறுதியை உடனே பதிவு செய்வதும் அவசியம். முந்தி எழுதியது பதியப்படாமல் கிடக்க, பிந்தி எழுதியது முந்திப் பதியப்பட்டால், பிந்தியதே வெல்லவும் கூடும்.

இரண்டாவது விடயம் தண்ணீர். நிலாவெளி போன்ற மணற்பாங்கான கரையூர்களில் நிலத்தடி நன்னீர், உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் இலேசானது, கடல்நீர் சற்றுக் கனமானது. அக்கனவேறுபாட்டினால், கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நன்னீர் தாங்கி நிற்கும் என்பது விஞ்ஞான மாணவர் அறிந்த கணக்கு. இதனைத் திருப்பிப் பாருங்கள்: மோட்டர் வைத்து இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்திவிட்டால், உப்புநீர் நாளடைவில் 40 அடி மேலேறப் பார்க்கும். எனவே மாரியில் கிணற்றுநீரைச் சுவைத்துவிட்டு 'இளநீர்' என்று மகிழ்வதில் பயனில்லை. கோடை முற்றிய ஆவணியில் சுவைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கடலும் காற்றும். 1981ஆம் ஆண்டின் கரையோரச் சட்டம், கடலின் உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கம் 300 மீட்டர் வரையான பகுதியைக் கரையோர வலயம் என்கிறது. அதனுள் புதிதாகக் கட்டுவதற்கு அனுமதி வேண்டும். கடல் தெரியும் வீடு கண்ணுக்கு இனிது. பின்னர் ஓர் அறை சேர்க்க முற்படும்போதுதான் தொல்லை தெரியும். 1964ஆம் ஆண்டின் பெருஞ்சூறாவளியும், 2020ஆம் ஆண்டு இக்கரையைக் கடந்த 'புரேவி'யும் டிசம்பரில்தான் வந்தன. ஆகவே இரண்டாவதாக நாம் விரும்பிய வீட்டை அடைமழை பெய்த ஒரு மார்கழி மாலையில் குடையோடு போய்ப் பார்த்தோம். சமையலறை மூலையில் ஓடு ஒழுகியது. ஒழுங்கையில் கணுக்காலளவு வெள்ளம் நின்றது. ஓட்டைச் செப்பனிட்டுத் தர உடன்பட்ட பின்னரே தையில் உறுதி எழுதினோம். ஆவணியில் கிணற்றைப் பார், மார்கழியில் கூரையைப் பார், மாசியில் குடிபோ என்று நாமே ஒரு முதுமொழி கட்டிக்கொண்டோம்.

இனிக் குடிபோகும் ஆயத்தம். ஒரு மாதத்துக்கு முன்னரே தொடங்குங்கள். வேண்டாதவற்றைப் பழைய வீட்டிலேயே கழித்துவிடுங்கள்; குப்பைக்கு லொறிக்கூலி கொடுப்பது மடைமை. புத்தகங்களைப் பெரிய பெட்டியில் நிரப்பி, அதன் அடி கழன்று விழ, படியெங்கும் பொறுக்கினோம் நாம். அவற்றைச் சிறு பெட்டிகளில் அடுக்குவதே சரி. பீங்கான்களைப் பழைய சேலைகளில் சுற்றலாம். பெட்டியின்மேல் உள்ளிருக்கும் பொருளையும், சேர வேண்டிய அறையையும் எழுதிவைத்தால் இறக்குவோர் உங்களைக் கூவியழைக்க வேண்டியிராது. அம்மியும் ஆட்டுக்கல்லும் முதலில் ஏறி அடியில் இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தியே கொண்டுபோய், இறக்கிச் சிறிது நேரம் சென்றபின் இயக்குங்கள். மின்சாரக் கணக்கின் பெயர்மாற்றம், கிராம அலுவலரிடம் பதிவு, வாக்காளர் இடாப்பு ஆகியவற்றை ஒத்திப்போடாதீர்கள். முதலாந்தரத்தில் பிள்ளையைச் சேர்க்கும் வேளையில் அந்த இடாப்பில் நீங்கள் இருந்த ஆண்டுகளும் கணக்கில் எடுக்கப்படும்.

எல்லாம் அறிந்த நாமும் ஒரு தவறு செய்தோம். காலை ஆறு மணிக்கு லொறி நிறைந்து, கயிறு கட்டி முடிந்தது. தாயார் வாசற்படியில் அமர்ந்தவர் எழவில்லை. "பெட்டி எங்கை, தம்பி?" என்றார். அது அலுமாரிக்கும் மெத்தைக்கும் அடியில் எங்கோ இருந்தது. "அங்கை போய் எடுப்பமே, அம்மா" என்றோம். "நான் அதை ஒருநாளும் பிறத்தியாற்றை கையிலை விட்டதில்லை" என்றார். கயிறு அவிழ்க்கப்பட்டது. முக்கால் மணி நேரம் வீணாயிற்று என்று லொறிக்காரர் முணுமுணுத்தார். தாயாரோ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாம்பல்தீவு கடந்து நிலாவெளி சேரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. உறுதி, அடையாள அட்டை, சான்றிதழ், மருந்து, வங்கிப் புத்தகம் இவை லொறியில் ஏறலாகா. கையில் வர வேண்டும்.

சுவாமிப் படமும், குத்துவிளக்கும், நிறைகுடமும், அரிசியும், உப்பும், மஞ்சளும் முன்னே செல்லப் புது வீட்டினுள் நுழைந்து பால் காய்ச்சினோம். ஒளி, நீர், சோறு, உப்பு: புது வீட்டின் முதல் இரவுக்கு வேண்டியவை யாவும் அவ்வரிசையில் அடங்கியிருப்பதை அன்றுதான் கவனித்தோம். இக்காலத்தில் அவற்றோடு தீப்பெட்டி, கைவிளக்கு, நுளம்புவலை ஆகியவற்றையும் ஒரே பையில் வைத்துக்கொள்ளலாம். இரவு அடுத்த வளவு முஸ்லிம் குடும்பத்தார் இடியப்பமும் சொதியும் அனுப்பினர். அந்த வீட்டு மூதாட்டி வேலியருகே வந்து, தாயாரின் முகத்தை நெடுநேரம் பார்த்துப் பெயர் சொல்லி அழைத்தார். இருவரும் ஒரே திண்ணைப் பள்ளியில் படித்தவர்களாம்.

மறுநாள் நம் மகள் பெட்டியிலிருந்த தாள்கள் அனைத்தையும் கைத்தொலைபேசியில் படம்பிடித்தாள். நல்ல காரியமே, நீங்களும் செய்யுங்கள். "இனிப் பெட்டி எதற்கு, அப்பம்மா?" என்று அவள் கேட்டாள். தாயார் புதிய உறுதியை மடித்துப் பழையவற்றின்மேல் வைத்து மூடினார். "நீ படத்தை வைச்சிரு, புள்ளை. பெட்டி கட்டிலுக்குக் கீழை இருக்கட்டும்" என்றார்.